முள்ளெலி ஏன் சுருண்டே கிடக்கிறது?

பகலில் முள்ளெலி அசையாமல் கிடந்தால் பதற வேண்டாம். அது இரவுப் பிராணி. தமிழகத்து வறண்ட முள்காட்டில் வாழும் நம் முள்ளெலியும் பொழுது சாய்ந்த பிறகே பூச்சி தேடிக் கிளம்பும். இரவிலும் எழாவிட்டால்தான் விஷயம் வேறு.

குளிர் வந்தால் ஐரோப்பிய முள்ளெலி உடல் அடுப்பைத் தணித்துக்கொள்ளும். சுமார் 35 டிகிரி உடல் வெப்பம் 10 டிகிரி வரை இறங்கும். நிமிடத்துக்கு 190 முறை துடித்த இதயம் 20 முறைதான் துடிக்கும். முன்பே சேர்த்த கொழுப்பு மாதக்கணக்கில் தாங்கும்.

வெளிநாட்டு வீடுகளில் வளரும் ஆப்பிரிக்கக் குள்ள முள்ளெலிக்கு அந்தக் கையிருப்பு இல்லை. அறை 20 டிகிரிக்குக் கீழே போனால் வயிறு சில்லிடும், நடை தள்ளாடும். மெல்லச் சூடேற்றி மருத்துவரிடம் காட்டாவிட்டால் உயிருக்கே ஆபத்து. கத்திரி வெயிலில் என்றால் கதை தலைகீழ்: 30 டிகிரியைத் தாண்டினாலே கைகால் பரப்பிப் படுத்துவிடும்.