99 சதவீதத்துக்கு வெளியே

ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் நிறுவனங்கள் 2024 அக்டோபர் 28 அன்று 3ஜி சேவையை நிறுத்தத் தொடங்கின. நகரவாசிகள் பலர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். நாட்டின் உட்பகுதிப் பண்ணைகளில் நிலைமை வேறு.

மக்கள்தொகையில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு 4ஜி கிடைப்பதாக டெல்ஸ்ட்ரா சொல்கிறது. ஆட்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்துப் போடும் கணக்கு அது. பெரும்பாலோர் கடலோர நகரங்களில் நெருங்கி வாழும் அந்த நாட்டின் பரப்பு சுமார் 77 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் பாதிக்கும் மேற்பட்ட நிலத்தில் எந்த டவரின் சிக்னலும் எட்டாது. வீட்டில் சிக்னல் இருந்து, வேலி கட்டப் போன இடத்தில் டிராக்டர் கவிழ்ந்து கிடப்பவரும் அந்த 99-க்குள்தான் எண்ணப்படுகிறார்.

டெல்ஸ்ட்ராவின் 3ஜி, 850 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கியது. 4ஜி-க்குப் பயன்படும் 700 மெகாஹெர்ட்ஸ் அதைவிடக் குறைவு என்பதால், ஏட்டளவில் சிக்னல் இன்னும் அதிகத் தொலைவு போக வேண்டும். ஆனால் வீட்டுக் கூரையிலும் வண்டியிலும் பொருத்தியிருந்த ஆன்டெனாக்களில் பல 850-க்கென்றே வாங்கியவை. தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தைச் சொல்லும் கருவிகள் பலவற்றிலும் 3ஜி மோடம்தான் இருந்தது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது வேறொன்று. சில 4ஜி கைபேசிகள் சாதாரண அழைப்பை 4ஜி-யில் பேசவிட்டு, அவசர எண் 000-ஐ அழுத்தினால் மட்டும் 3ஜி-யைத் தேடும். வைத்திருப்பவருக்கு இது தெரிய வழியே இல்லை. இதனால் அத்தகைய கைபேசிகளுக்குச் சேவையே தரக் கூடாது என்று விதி வந்தது. டெல்ஸ்ட்ராவின் காலக்கெடு ஜூன், ஆகஸ்ட் என்று இருமுறை தள்ளிப்போனதற்கும் இந்தப் பாதுகாப்புக் கவலை ஒரு காரணம்.

இதே 3ஜி-க்கு வழிவிட்டு 2008 ஜனவரியில் சிடிஎம்ஏ என்ற முந்தைய கைபேசிச் சேவையை மூட டெல்ஸ்ட்ரா ஆயத்தமானபோது, தகவல்தொடர்பு அமைச்சர் ஸ்டீபன் கான்ராய் அனுமதி மறுத்தார். பழையதற்கு இணையாகப் புதியது எட்ட வேண்டும் என்பது உரிமத்திலேயே இருந்த நிபந்தனை. குறைகளைக் களைந்த பிறகு, ஏப்ரல் 28 அன்றுதான் மூட முடிந்தது. 2024-இல் தேதியைக் குறிப்பது நிறுவனங்களின் வணிக முடிவாகவே விடப்பட்டது. அது சரியல்ல என்பேன். பழைய நிபந்தனை இம்முறையும் இருந்திருக்க வேண்டும்.

சாலைகளில் வண்டி ஓட்டி சிக்னலை அளக்கும் பணியை அரசு இப்போது நடத்துகிறது. நல்ல காரியம். சாலையை விட்டு விலகியிருக்கும் மேய்ச்சல் நிலங்களிலும் அளக்க வேண்டும். அடுத்த நெட்வொர்க்கை மூடத் தேதி குறிப்பதற்கு முன்பே.