வேகமும் வயதும்

2021-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், கத்தார் தேசத்து லோசைல் பந்தயக் களத்தில், பயிற்சியில் நேர்ந்த ஒரு விதிமீறலுக்குத் தண்டனையாக, களத்தில் அணிவகுத்து நின்றவர்களெல்லாம் சீறிப் பாய்ந்து சென்ற பிறகே, வண்டிகளைப் பழுது பார்க்கும் ஓரப் பாதையான பிட் லேனிலிருந்து தன் மோட்டார் சைக்கிளைக் கிளப்ப அநுமதிக்கப்பட்ட பதினாறு வயதுப் பையன் ஒருவன், பதினெட்டுச் சுற்றுகளில் அத்தனை பேரையும் கடந்து முதல்வனாக வந்து சேர்ந்தான். உலகப் பந்தயத்தில் அவனுக்கு அது இரண்டாவது ஓட்டமே. ஸ்பெயின் நாட்டு மீனவர் ஒருவரின் மகனான பெத்ரோ அகோஸ்டாதான் அந்தப் பையன்.

இதை அற்புதம் என்று சொல்லிவிடலாம்; ஆனால் அற்புதத்திற்குப் பின்னால் அப்பியாசம் இருந்தது. அதற்கு முந்திய 2020-இல் 'ரெட் புல் மோட்டோஜிபி ரூக்கீஸ் கோப்பை'யை வென்றவன் அவன். பதின்பருவத்து வீரர்களுக்காகவே 2007-இல் தொடங்கப்பட்ட அந்தத் தொடரின் ஓட்டங்கள், ஐரோப்பாவில் உலகப் பந்தயம் நடக்கும் அதே களங்களில், அதே வார இறுதிகளில் நடைபெறுகின்றன. பல தேசங்களிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைகளை ஓட்டிக் காட்டச் சொல்லி, தேறியவர்களை மட்டுமே அதில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

அந்தத் தொடரின் உயிர்நாடி சமத்துவம். பெற்றோரின் செல்வமே பிள்ளையின் வேகத்தைப் பெரிதும் நிர்ணயிக்கிற இந்த விளையாட்டில், எல்லோருக்கும் ஒரே ரகமான 250 சிசி கேடிஎம் வண்டியையும் ஒரே வகை டயரையும் கொடுத்து, பராமரிப்பையும் தொடரை நடத்துவோரே ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். யந்திரம் ஒன்றாக இருக்கும்போது, தோற்றவன் வண்டியின் மேல் பழி போட முடியாது. வென்றவனும் பணத்தால் வென்றான் என்ற பேச்சுக்கு இடமில்லை. முன்னே செல்பவன் காற்றைப் பிளந்துகொண்டு போகையில், அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டு காற்றுத் தடை குறைந்து வேகம் சேர்ப்பதும், வளைவில் யார் கடைசியாகப் பிரேக்கைத் தொடுவது என்று கணப்பொழுதில் தீர்மானிப்பதும், கடைசிச் சுற்றுவரை பொறுத்திருப்பதுமே அங்கே கற்கப்படும் பாடங்கள். முதல் ஆண்டில் வென்ற பிரெஞ்சு வீரர் ஜோஹான் ஸார்கோ பின்னர், உலகப் பந்தயத்தின் இரண்டாம் நிலைப் பிரிவான மோட்டோ2-இல் இருமுறை உலக சாம்பியனானார். 2014-இல் வென்ற ஹோர்ஹே மார்ட்டின் 2024-இல் உச்சப் பிரிவான மோட்டோஜிபியின் பட்டத்தையே பெற்றார்.

ஆயினும் திறமை முந்திக்கொண்டு வருகிறது என்பதற்காக வயதையும் முந்தச் செய்யலாகாது என்ற உண்மையை, மிகக் கொடிய விலை கொடுத்தே இந்த விளையாட்டு உணர்ந்தது. அகோஸ்டா புகழ் பெற்ற அதே 2021-இல், ஐரோப்பியக் களங்களில் பதினான்கு, பதினைந்து, பத்தொன்பது வயதுள்ள மூன்று வீரர்கள் மாண்டார்கள். வண்டிகள் நெருங்கிச் செல்லும் கூட்டத்தின் நடுவே ஒருவன் விழுந்தால், பின்னால் வருபவனுக்கு விலக நேரம் இருப்பதில்லை. சமமான யந்திரங்கள் தரும் போட்டியே இந்த அபாயத்தையும் தருகிறது. அதன் பிறகே சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனம் வயது வரம்புகளை உயர்த்தியது. முன்பு பதின்மூன்று வயதிலேயே இடம் கிடைத்த ரூக்கீஸ் கோப்பைக்கு 2023 முதல் பதினைந்து வயது வேண்டும் என்றாயிற்று.

இது நமக்குத் தூரத்து விஷயம் அன்று. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைக் களத்தில், 2018 முதல் ஹோண்டா நிறுவனம் இந்தியச் சிறுவர்களுக்கான இத்தகைய தொடர் ஒன்றை நடத்தியிருக்கிறது. அதே களத்தில்தான் 2023 ஆகஸ்டில், தேசியப் பந்தயம் ஒன்றில், பதின்மூன்றே வயதான ஒரு சிறுவன் உயிர் துறந்தான். வேகத்தில் ஆசை கொண்ட பிள்ளையைத் தெருவில் விடாமல் களத்திற்கு அழைத்துச் செல்வது நல்ல காரியமே. ஆனால் அழைத்துச் செல்லும் பெற்றோரும், பயிற்சி தரும் ஆசான்களும், பந்தயம் நடத்துவோரும் ஒன்றை மறக்கலாகாது: இரண்டு ஆண்டு பொறுத்திருப்பதால் எந்த வீரனுடைய திறமையும் மங்கிப்போவதில்லை. பிள்ளை வளரட்டும், பந்தயம் அவனுக்காகக் காத்திருக்கும்.