பழைய ஆயிலும் தின்னரும் போய்ச் சேர வேண்டிய இடம்

எஞ்சினிலிருந்து வடித்த கறுத்த ஆயில், லேத் பட்டறையில் தேங்கும் கட்டிங் ஆயில், அச்சகத்தில் உருளை துடைத்த கரைப்பான், பெயின்ட் அடிக்கும் துப்பாக்கியைக் கழுவிய தின்னர், இவற்றில் ஊறிய காட்டன் வேஸ்ட் ஆகிய எல்லாமே சட்டத்தின் பார்வையில் அபாயகரக் கழிவுகள். பெரிய ஆலையில் டன் கணக்கில் சேர்ந்தாலும் சாலையோர மெக்கானிக் ஷெட்டில் கேன் கணக்கில் சேர்ந்தாலும் அவற்றின் தன்மை ஒன்றுதான். பைக் ஒன்றுக்கு ஆயில் மாற்றினால் ஏறத்தாழ 1 லிட்டர் பழைய ஆயில் கிடைக்கும். லாரி என்றால் 15 லிட்டரைத் தாண்டும். திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி, தேர்வாய்க்கண்டிகை சிப்காட் வளாகங்களுக்கும் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டைக்கும் வந்துபோகும் லாரிகளை நம்பிப் பிழைக்கும் பட்டறைகளில் ஒரு பேரல் நிறைய அதிக நாள் ஆகாது.

நிறைந்த பேரல் பல இடங்களில் காயலான் கடைக்குப் போகிறது. அங்கிருந்து சென்ட்ரிங் பலகையில் தடவவும் சூளையில் எரிக்கவும் விற்கப்படுகிறது. விலை போகாதது மண்ணிலோ மழைநீர்க் கால்வாயிலோ கொட்டப்படுகிறது. இந்த வழிகள் எதற்கும் சட்ட அனுமதி கிடையாது.

ஊத்துக்கோட்டையின் நீர்வழிகள்

பயன்படுத்திய ஆயிலில் எஞ்சின் தேய்மானத்தால் சேரும் உலோகத் துகள்களும், வெப்பத்தில் உருவாகும் பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்களும் கலந்திருக்கும். இவற்றில் சில புற்றுநோயை உண்டாக்குபவை. ஆயில் நீரில் கரையாது. மேற்பரப்பில் படலமாகப் பரவி, காற்றிலுள்ள ஆக்சிஜன் நீருக்குள் இறங்குவதைத் தடுக்கும். ஒரு பங்கு பழைய ஆயில் பத்து லட்சம் பங்கு நன்னீரைக் கெடுக்க வல்லது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணிப்பு. தின்னர் வகைகள் வேறு விதத்தில் ஆபத்தானவை. டொலுவீன் 4 டிகிரி செல்சியசிலேயே தீப்பற்றும் ஆவியைத் தரும். அசிட்டோனுக்கு அந்த அளவு பூஜ்ஜியத்துக்கும் கீழே. இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. சாக்கடையில் ஊற்றினால் அங்கேயே தாழத் தேங்கி, தொலைவிலிருக்கும் ஒரு பொறியில்கூடப் பற்றிக்கொள்ளும்.

இதே மாவட்டத்தின் ஊத்துக்கோட்டைப் பகுதியில் இந்தத் தீங்கு அந்த ஊரோடு நிற்பதில்லை. ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து வரும் கிருஷ்ணா நீர், ஊத்துக்கோட்டை அருகே ஜீரோ பாயிண்ட் என்ற இடத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து பூண்டி ஏரிக்குப் போகிறது. அது சென்னையின் குடிநீர். ஊரையொட்டி ஓடும் ஆரணியாறு பழவேற்காடு பக்கம் கடலைச் சேர்கிறது. கண்ணன்கோட்டை–தேர்வாய்க்கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டதிலிருந்து சென்னைக்கான மற்றொரு குடிநீர் ஆதாரமும் இதே பகுதியில்தான் இருக்கிறது. எண்ணெய் நீரில் கலந்தால் என்ன ஆகும் என்பதை 2023 டிசம்பரில் இந்த மாவட்டம் பார்த்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்து மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் பிழைப்பையும் கெடுத்தது.

சட்டம் சொல்வது

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அபாயகரக் கழிவுகளுக்கான முதல் விதிகள் 1989இல் வந்தன. இப்போது நடைமுறையில் இருப்பவை 2016 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட அபாயகர மற்றும் இதரக் கழிவுகள் விதிகள். இவற்றின் முதல் அட்டவணையில் ஒவ்வொரு கழிவுக்கும் ஓர் எண் உண்டு. பயன்படுத்திய ஆயில் 5.1, எண்ணெய் கலந்த கசடு 5.2, பயன்படுத்திய கரைப்பான் 20.2, ரசாயனம் ஒட்டிய காலி பேரலும் டின்னும் 33.1, எண்ணெய்த் துணியும் காட்டன் வேஸ்ட்டும் 33.2. விண்ணப்பத்திலும் பதிவேட்டிலும் இந்த எண்களையே குறிப்பிட வேண்டும்.

இக்கழிவுகளை உண்டாக்கும் தொழிலுக்குத் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் தேவை. திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் தனித்தனி மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர்கள் உள்ளனர். தொழிற்கூடம் யாருடைய எல்லையில் வருகிறதோ அவரிடம் படிவம் 1இல் விண்ணப்பிக்க வேண்டும். வாரியத்தின் இணையதளத்தில், தொழிலுக்கான இசைவாணை கோரும் அதே முறையில் இதற்கும் விண்ணப்பிக்கலாம். 120 நாட்களுக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும் என்பது விதி. கிடைக்கும் அங்கீகாரம் 5 ஆண்டுகள் செல்லும்.

மிகச் சிறிய தொழில்களுக்கு 2019 மார்ச்சில் ஒரு சலுகை தரப்பட்டது. நீர், காற்று மாசுத் தடுப்புச் சட்டங்களின்படி இசைவாணையே தேவைப்படாத தொழில், இந்த அங்கீகாரத்தையும் பெற வேண்டியதில்லை. ஆனால் கழிவை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடமோ சேகரிப்பாளரிடமோ அகற்றும் மையத்திடமோதான் ஒப்படைக்க வேண்டும். எந்தத் தொழில் எந்தப் பிரிவில் வருகிறது என்பதை ஊகிக்காமல் மாவட்டப் பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வதே பாதுகாப்பு.

பிரித்து வைத்தல்

பழைய ஆயிலை எதனோடும் கலக்கக் கூடாது. இந்த வேலையின் பாதி இதில்தான் அடங்கியிருக்கிறது. சுத்தமாகப் பிரித்து வைத்த பழைய ஆயில் காசு கொடுத்து வாங்கப்படும் பொருள். அதில் தின்னரோ கூலன்ட்டோ தண்ணீரோ சேர்ந்தால் மறுசுத்திகரிப்பாளர் வாங்க மறுப்பார். அதே கழிவை அகற்றப் பட்டறைக்காரரே பணம் கட்ட நேரும். ஆகவே எஞ்சின், கியர், ஹைட்ராலிக் ஆயில்களுக்கு ஒரு பேரல், நீர் கலந்த கூலன்ட்டுக்கு ஒன்று, கரைப்பானுக்கு இறுக்கமான மூடியுள்ள உலோக டின், துணிக்கு மூடியுள்ள இரும்புத் தொட்டி எனத் தனித்தனியே வேண்டும். ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தால் தாமாகவே சூடேறித் தீப்பற்றும் என்பதால், மரப் பாலிஷ் வேலை செய்வோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

பேரல்கள் கூரையின் கீழ், விரிசலில்லாத சிமென்ட் தரையில், ஒழுகினால் வெளியே ஓடாதபடி கட்டிய சிறு தடுப்புச் சுவருக்குள் இருக்க வேண்டும். பக்கத்தில் மணலோ மரத்தூளோ வைத்திருந்தால் சிந்தியதை உடனே உறிஞ்சி எடுக்கலாம். அந்தத் தூளும் பிறகு அபாயகரக் கழிவுதான். ஒவ்வொரு கலத்திலும் படிவம் 8இன்படி பளிச்சிடும் மஞ்சள் நிறச் சீட்டு ஒட்ட வேண்டும். அபாயகரக் கழிவு, கவனமாகக் கையாளவும் என்ற சொற்கள் தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் சிவப்பில் இருக்க வேண்டும். கழிவை 90 நாட்களுக்கு மேல் வைத்திருக்க அனுமதி இல்லை. ஆண்டுக்கு 10 டன் வரை மட்டும் கழிவு உண்டாக்கும் சிறு தொழிலுக்கு வாரியம் இதை 180 நாட்கள் வரை நீட்டிக்கலாம்.

யாரிடம் ஒப்படைப்பது

பயன்படுத்திய ஆயில் மறுசுத்திகரிப்பு ஆலைக்குப் போக வேண்டும். அங்கே நீர் நீக்கி, வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து, மீண்டும் அடிப்படை எண்ணெயாக்குகிறார்கள். 2024 ஏப்ரல் முதல், மசகு எண்ணெய் தயாரிக்கும், இறக்குமதி செய்யும் நிறுவனங்களே குறிப்பிட்ட பங்கு பழைய ஆயிலின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியும் நடைமுறையில் உள்ளது. அதனால் முறையாகச் சேகரித்த ஆயிலுக்குத் தேவை கூடும் என எதிர்பார்க்கலாம்.

கரைப்பான்களைக் காய்ச்சி வடித்து மீட்கும் ஆலைகள் உண்டு. மீட்க முடியாத கரைப்பான், பெயின்ட் கசடு, எண்ணெய்த் துணி ஆகியவற்றை முன்பதப்படுத்திச் சிமென்ட் சூளைகளில் எரிபொருளாக்கலாம். 1,400 டிகிரியைத் தாண்டும் அந்த வெப்பத்தில் கரிமச் சேர்மங்கள் சிதைந்துவிடும். திறந்தவெளியில் எரிப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுவே. எதற்கும் உதவாத கசடுக்கு அபாயகரக் கழிவுகளுக்கான பொது அகற்றும் மையம்தான் வழி. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திலேயே தமிழ்நாடு வேஸ்ட் மேனேஜ்மென்ட் நிறுவனத்தின் மையம் இயங்குவது இப்பகுதித் தொழில்களுக்கு வசதி. தென் மாவட்டங்களுக்கு விருதுநகர் மாவட்டம் உண்டுறுமிகிடாகுளத்தில் இதே போன்ற மையம் உள்ளது. இத்தகைய மையங்களில் கழிவைச் சோதித்து, தேவைப்பட்டால் இறுகச் செய்து, கசிவு புகாத அடுக்குகள் விரித்த குழியில் புதைக்கிறார்கள்.

வாங்க வருபவரிடம் வாரியம் தந்த அங்கீகாரத்தின் நகலைக் கேட்டுப் பெற வேண்டும். அதில் குறிப்பிட்ட கழிவு எண் இருக்கிறதா, காலாவதி ஆகவில்லையா என்று பார்ப்பது அவசியம். அங்கீகாரம் இல்லாதவர் லிட்டருக்குக் கூடுதல் விலை சொன்னாலும் கொடுப்பது விதிமீறல்.

ஊத்துக்கோட்டையைத் தாண்டினாலே ஆந்திர எல்லை. அங்குள்ள மறுசுழற்சி ஆலைக்கு அனுப்புவதானால் இரு மாநில வாரியங்களுக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். புதைப்பு போன்ற இறுதி அகற்றலுக்கு அனுப்புவதானால் இரு வாரியங்களின் தடையின்மைச் சான்றும் வேண்டும்.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

கழிவு வண்டியேறும்போது படிவம் 10 எனப்படும் மேனிஃபெஸ்ட் ஏழு பிரதிகளில் எழுதப்படும். வெள்ளைப் பிரதியை அனுப்புபவர் வாரியத்துக்கு அனுப்புவார். ஓட்டுநரின் கையெழுத்து வாங்கிய மஞ்சள் பிரதி அனுப்புபவரிடம் இருக்கும். மற்றவை வண்டியோடு போகும். இளஞ்சிவப்பு பெறுபவருக்கு; ஆரஞ்சு வண்டிக்காரருக்கு; பச்சை பெறுபவர் வாரியத்துக்கு அனுப்ப; சாம்பல் நிறம், அனுப்பியவர் வேறு மாநிலத்தவரானால் அந்த மாநில வாரியத்துக்கு. நீலப் பிரதி, கழிவு சேர்ந்துவிட்டது என்பதற்குச் சான்றாக அனுப்பியவருக்கே திரும்பி வரும். மஞ்சளையும் நீலத்தையும் சேர்த்துக் கோப்பில் வைத்திருப்பவரிடம், கழிவு எங்கே போனது என்ற கேள்விக்கு ஆதாரத்தோடு பதில் இருக்கும். நீலம் வராவிட்டால் விசாரித்தாக வேண்டும். விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்ற குறிப்பைப் படிவம் 9இல் எழுதி ஓட்டுநரிடம் கொடுப்பதும் அனுப்புபவரின் கடமை.

அன்றாடம் சேர்ந்த அளவும் அனுப்பிய அளவும் படிவம் 3இல் பதிவாக வேண்டும். நிதியாண்டு முடிந்ததும் ஜூன் 30க்குள் படிவம் 4இல் ஆண்டு அறிக்கை தர வேண்டும். விபத்து நடந்தால் உடனே வாரியத்துக்குத் தகவல் சொல்லி, பின்னர் படிவம் 11இல் எழுதித் தர வேண்டும்.

மீறினால்

2024 ஏப்ரல் முதல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான மீறல்களுக்கு 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இதைத் தவிர, முறையற்றுக் கையாண்டதால் நிலத்துக்கோ நீருக்கோ மூன்றாம் நபருக்கோ நேர்ந்த சேதம் முழுவதற்கும் கழிவை உண்டாக்கியவர், அகற்றும் மையம் நடத்துபவர் ஆகியோர் பொறுப்பாவார்கள். வாசலைத் தாண்டியதும் பட்டறைக்காரரின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. கழிவு உரிய இடத்தில் சேர்ந்ததற்கான சான்று கைக்கு வரும்போதே அது நிறைவேறுகிறது.