வாசிக்கத் தெரியாத ஆச்சியும் ஒரு கட்டு இன்லேண்ட் லெட்டரும்

பொங்கலுக்கு வெள்ளையடிக்க, ஊரில் பரண் மேலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினோம். உள்ளே ஒரு கட்டு இன்லேண்ட் லெட்டர். பம்பாய் மில்லில் வேலை பார்த்த தாத்தா, ஆச்சிக்கு எழுதியவை. ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் ஓட்டை, கம்பியில் குத்தி வைத்த அடையாளம்.

"மொபைல்ல போட்டோ எடுத்துட்டு பழைய பேப்பர் கடையில போட்டுரலாமா ஆச்சி?" என்றேன். பதிலே சொல்லாமல் கட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தபால்காரர்தான் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துச் சொல்வாராம். ஆனால், ஒரு கடிதத்தை உருவி, "இது ஒங்கப்பன் பொறந்த சேதி கேட்டு எழுதினது" என்றார். தேதியைப் பார்த்தேன். சரிதான்!

"எப்படி ஆச்சி?"

"பாத்தாத் தெரியலையா? எழுத்து துள்ளுதுல்லா!"

அதன்பிறகு நானும் வாசிக்காமல், வெறுமனே பார்த்தேன். மேலே பிள்ளையார் சுழி. ஆரம்பத்தில் தாராளமாக நடக்கும் வரிகள், மடிப்பு நெருங்க நெருங்கச் சுருங்குகின்றன. இடம் தீர்ந்ததும் தாளைத் திருப்பி, ஓரத்தில் செங்குத்தாக ஒரு வரி. ஒட்டும் மடிப்பிலும் விடவில்லை. ஒன்றில் பாதிக்கு மேல் நீல மை போய்க் கறுப்பு மை. யாரிடம் பேனா இரவல் வாங்கினாரோ!

அன்றிரவு மொபைலில் ஓவியர் வான்கோவின் கடிதங்களைத் தேடினேன். 800-க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை தம்பி தியோவுக்கு எழுதியவை. ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ மியூசியம் அவற்றை இணையத்தில் படங்களாகவே வைத்திருக்கிறது. டச்சு, பிரெஞ்சு இரண்டும் எனக்குத் தெரியாது. ஆச்சி பார்த்த மாதிரிதான் பார்த்தேன். சில பக்கங்களில் எழுத்துக்கு நடுவிலேயே ஓவியம் முளைக்கிறது. 1888 அக்டோபரில் ஆர்ல் நகரிலிருந்து எழுதியபோது தன் படுக்கையறையையே வரைந்து அனுப்பியிருக்கிறார். ஒரு கட்டில், இரண்டு நாற்காலி. மாதாமாதம் பணம் அனுப்பும் தம்பிக்கு, என்ன தீட்டுகிறேன் என்று காட்ட வேண்டாமா?

வெளிச்சம் பட்டால் மை மங்கும் என்பதால் அந்த அசல் தாள்களை எப்போதாவதுதான் காட்சிக்கு வைக்கிறார்கள். உங்கள் வீட்டுக் கடிதங்களுக்கும் இதே கதைதான். வெயில், ஈரம் ஆகாது. லேமினேஷன் கூடவே கூடாது. கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டினால் சில வருடங்களில் பழுப்புக் கறைதான் மிஞ்சும்.

மறுநாள் காலையில் கட்டைத் திரும்பக் கட்டும்போது, ஆச்சி ஒன்றை மட்டும் தனியே எடுத்துவைத்தார். அழகான, உருண்டையான கையெழுத்து.

"இது அவுக எழுத்து இல்ல. தபால்காரர் பிரிச்சதுமே எனக்கு வயித்துல புளியக் கரைச்சிட்டு. அவரு வாசிக்கதுக்கு முன்னாடியே அழுதுட்டேன்."

மில்லில் தாத்தாவின் வலது கை மெஷினில் மாட்டிக்கொண்ட சமயமாம். அறையில் கூட இருந்தவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"ஆனா, கீழ பாரு" என்று ஆச்சி விரலை வைத்த இடத்தில் தாத்தாவின் பெயர். ஓர் எழுத்து பெரிதாக, அடுத்தது சிறிதாக, கோட்டை விட்டு இறங்கிப் போகிறது. இடது கையால் போட்டது.