ஊசி இல்லாத ஈறு சிகிச்சை: லேசர் எதுவரை கைகொடுக்கும்?

பல் டாக்டரிடம் போவதை வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். பல்லைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். ஊசியைப் பற்றித்தான் சொல்வார்கள். அதிலும் மேலண்ணத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் லேசில் மறப்பதில்லை. அங்கே சதை எலும்போடு இறுக ஒட்டியிருப்பதால் மருந்து பரவ இடமே கிடையாது. குத்துவதைவிட, மருந்து உள்ளே இறங்கும்போது ஏற்படும் அழுத்தம்தான் உயிரை எடுக்கும்.

இந்தப் பயத்தை நம்பித்தான் 'ஊசி இல்லை, ரத்தம் இல்லை, தையல் இல்லை' என்று லேசர் கிளினிக்குகள் விளம்பரம் செய்கின்றன. விளம்பரத்தில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

லேசர் பல் மருத்துவத்துக்குள் நுழைந்த கதை பழையது. தியோடர் மைமன் முதல் ரூபி லேசரை இயக்கிக் காட்டியது 1960-ல். ஐந்தே வருடத்தில், லியோன் கோல்ட்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் அதைத் தன் சகோதரர் பெர்னார்டின் பல்லில் பாய்ச்சிப் பார்த்தார். பெர்னார்டே ஒரு பல் டாக்டர். (துணிச்சலான குடும்பம்தான்!) வலிக்கவில்லை என்றார் அவர். ஆனால் ரூபி லேசரின் சூடு பல்லுக்குள் இருக்கும் கூழைக் கெடுத்துவிடும் என்பது தெரியவந்ததால், பல்லைக் குடையும் ஆசை பல காலம் கிடப்பில் கிடந்தது. 1990-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்த பல் லேசர்கூட ஈறு போன்ற மென்மையான சதைக்குத்தான். பல்லைக் குடையும் எர்பியம் லேசருக்கு 1997-ல்தான் கதவு திறந்தது.

இன்று நம் ஊர் கிளினிக்குகளில் பரவலாக இருப்பது டயோடு லேசர். டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து பேனா மாதிரி ஒரு கைப்பிடி, நுனியில் மெல்லிய இழை. அவ்வளவுதான்.

கிளிப் போட்டிருக்கும் பிள்ளைக்கு ஈறு வீங்கி, பல்லில் ஒட்டிய பிராக்கெட்டையே மூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் முதலில் அந்த இடத்தைப் பஞ்சால் துடைத்துக் காயவைப்பார். எச்சில் ஈரம் இருந்தால் ஜெல் கரைந்து ஓடிவிடும். பிறகு லிக்னோகெய்ன் போன்ற மரப்பு மருந்து கலந்த ஜெல்லைத் தடவிவிட்டுச் சில நிமிடம் காத்திருப்பார். பாதி வெற்றி இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. கன்னத்தின் உட்புறம்போல ஈறு மெத்தென்று இருக்காது; சாப்பாடு உரசி உரசி மேல்படலம் தடித்திருக்கும். மருந்து மெல்லத்தான் இறங்கும். இறங்கினாலும் இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாது. அவசரக்கார டாக்டரிடம் 'ஊசி இல்லாத' சிகிச்சை வலிப்பதற்கு இதுதான் காரணம்.

ஈறைக் கருவியின் முனையால் அழுத்திப் பார்த்து, உணர்வு போய்விட்டது என்று உறுதியான பிறகு எல்லோரும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்வார்கள். 810, 940, 980 நானோமீட்டர் என்று வரும் இந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் விழித்திரையைப் பொசுக்கிவிடும். அடுத்து டாக்டர் அந்த இழையின் நுனியைக் கார்க்கிலோ, பல் கடி பார்க்கும் நீலத்தாளிலோ தொட்டுக் கருக்கிக்கொள்வார். கருகிய நுனி ஒளியை உறிஞ்சிப் பல நூறு டிகிரிக்குச் சூடாகிறது. டயோடு லேசரில் ஈறை அறுப்பது பெரும்பாலும் இந்தச் சூடுதான். அறுக்கும்போதே ரத்தக்குழாயையும் அடைத்துவிடுவதால் ரத்தம் கொட்டுவதில்லை. சுமார் 1 வாட் சக்தியில், விட்டு விட்டு வரும் துடிப்புகளாக, ஒரே இடத்தில் நிறுத்தாமல் மெல்ல வருடிக்கொண்டே போவார். முடி பொசுங்கும் வாடை வரும். புகையை சக்‌ஷன் குழாய் இழுத்துக்கொள்ளும். ஈரத்துணியால் துடைத்தால், பிராக்கெட் முழுசாக வெளியே தெரியும். தையல் வேண்டாம்.

ஆக, வலி இல்லாததற்கு ஒளியின் மாயம் காரணமல்ல. வேலை ஜெல் இறங்கிய ஆழத்துக்குள் முடிகிறது, சக்தி குறைவு, இடையிடையே ஈறு ஆறுகிறது. இந்தக் கணக்குக்குள் அடங்கும் வேலைகளுக்கு லேசர் அருமையான கருவி. 'கேப்' போடும்முன் ஈறை ஒதுக்குவது, உதட்டைப் பிடித்திழுக்கும் மெல்லிய சவ்வை வெட்டுவது எல்லாம் இதில் சேரும். ரத்தக்கொதிப்புக்கு அம்லோடிபின், வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு ஈறு தடித்து வளரும்; சிறிய அளவு என்றால் ஜெல்லோடு முடித்துவிடலாம். தடிமனாக வளர்ந்திருந்தால் ஊசி வேண்டும். (மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்தவரிடம் போய்க் கேளுங்கள்.)

எலும்பை ஒட்டிய வேலை என்றால் நிலைமை வேறு. 47 டிகிரி செல்சியஸ் சூடு ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு பாதிக்கப்படும் என்று 1983-லேயே ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஜெல்லின் மரப்பும் அந்த ஆழத்துக்கு எட்டாது. அங்கே அதை நம்பி இறங்குவது வித்தை காட்டுவதாகத்தான் முடியும்.

இதற்கிடையே, கருத்த ஈறை லேசரால் சிவப்பாக்கும் வியாபாரம் ஒன்றும் நடக்கிறது. நம் ஈறுகளில் இருக்கும் கருமை மெலனின். தோலில் இருக்கும் அதே நிறமி. அது நோயே இல்லை. எடுத்தாலும் திரும்ப வரக்கூடும். விருப்பப்பட்டவர்கள் செய்துகொள்ளட்டும், சிகிச்சை என்று பெயர் வைக்க வேண்டாம்.

பல் ஆடி, சீழ் வடியும் ஈறு நோய்க்கும் லேசரே மருந்து என்று சேர்த்துச் சொல்வதுதான் விளம்பரத்தின் பொய்யான பாதி. வேரில் படிந்த காரையைச் சுரண்டி எடுக்கும் வழக்கமான க்ளீனிங்கைவிட லேசர் மேலானது என்று சொல்ல ஆதாரம் போதாது என அமெரிக்க ஈறு மருத்துவர்களின் அமைப்பு 2011-ல் அறிக்கையே வெளியிட்டது.

'மேல்பூச்சுதானே' என்று ஜெல்லை அலட்சியமாக நினைப்பதும் தவறு. அமெரிக்காவில் லேசரால் முடி நீக்குவதற்காகக் காலில் மரப்பு க்ரீமை அள்ளிப் பூசி, பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்ட இளம்பெண்கள் இருவர் இறந்துபோனதை 2007-ல் எஃப்.டி.ஏ. எச்சரிக்கையாகச் சொன்னது. பென்சோகெய்ன், பிரிலோகெய்ன் வகைகள் அரிதாகச் சிலருக்கு ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் குறைத்து உதட்டை நீலமாக்கிவிடும். அளவோடு தடவி, வேலை முடிந்ததும் துடைத்தெடுக்க வேண்டிய மருந்து அது.

இருதய நோய், அலர்ஜி, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் நாற்காலியில் உட்காரும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எவ்வளவு ஆழம் வெட்டப்போகிறார் என்று கேளுங்கள். நடுவில் சுரீர் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள், கையைத் தூக்குங்கள். மறுபடி ஜெல் தடவச் சொல்லுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் ஊசியே போட்டுக்கொள்ளுங்கள்.