இரண்டாவது மெயில் சேர்வரை எங்கே வைப்பது?

2023 ஆகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையை ரன்சம்வெயார் எனப்படும் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 கணக்குகள் பாதிக்கப்பட்டன. சேவை விரைவிலேயே மீண்டும் இயங்கியது. ஆனால் அவ்வருடம் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. இணைப்பிலேயே இருந்த பிரதிகளையும் வைரஸ் பூட்டிவிட்டதே காரணம். மென்பொருளும் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு.

எமது வர்த்தகர்களின் கடைகளிலும் நான் காண்பது இதே ஏற்பாட்டைத்தான். மேல்மாடியில் சரக்குப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் சேர்வர், அதே மேசை லாச்சியில் பிரதி எடுத்த ஹார்ட் டிஸ்க். தீப்பிடித்தால் இரண்டும் ஒன்றாகவே போகும்.

கொட்டாஞ்சேனையில் கடையும் வெள்ளவத்தையில் கிளையும் வைத்திருக்கும் ஒருவர், "இரண்டாவது சேர்வரைக் கிளையில் வைத்தால் போதும்தானே?" என்று என்னிடம் கேட்டார். தீ, வெள்ளம், திருட்டு ஆகியவற்றுக்குப் போதும். 2022இல் வலயம் வலயமாக மின்வெட்டு நடந்தபோதும் ஓரளவு உதவியிருக்கும். ஆனால் 2020 ஆகஸ்ட் 17ஆம் திகதியும் 2025 பெப்ரவரி 9ஆம் திகதியும் முழுத் தீவும் இருளில் மூழ்கியது. 2004 ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகத்தருகே 'ஸ்டேட் ஒஃப் நாகாலாந்து' என்ற இந்தியக் கப்பலின் நங்கூரத்தால் கடலடிக் கேபிள் அறுந்து, வெளிநாட்டு இணைய இணைப்பே பெரும்பாலும் இல்லாமற் போனது. இன்று கேபிள்கள் கூடிவிட்டன என்பது உண்மை. ஆனாலும் வெளிநாட்டு வியாபாரம் செய்பவர் இரண்டாவது சேர்வரை சிங்கப்பூரிலோ மும்பையிலோ வாடகைக்கு எடுப்பதே நல்லது. இங்கே மின்சாரம் இல்லாவிட்டாலும் கைத்தொலைபேசியில் மெயிலைப் பார்க்கலாம்.

இது வேலை செய்யும் விதம் எளிது. உங்கள் டொமைன் பெயருக்கு எம்.எக்ஸ். என்ற பதிவு உண்டு. அதில் முதல் சேர்வருக்கு 10, இரண்டாவதற்கு 20 என்று இலக்கமிடுவார்கள். சிறிய இலக்கம் பதில் சொல்லாவிட்டால், அனுப்புபவரின் சேர்வர் அடுத்ததைத் தேடிப் போகும். இரண்டும் விழுந்தாலும் வருகிற மெயில் உடனே தொலையாது. அனுப்பிய சேர்வர் வழமையாக நான்கைந்து நாட்கள் திரும்பத் திரும்ப முயற்சிக்கும்.

அப்படியானால் நட்டம் எங்கே? பழைய மெயிலைத் திறக்க முடியாமையில்தான். கப்பல் வந்து நிற்கிறது, பி.எல். பிரதி மெயிலுக்குள் இருக்கிறது, டெமரேஜ் நாளுக்கு நாள் ஏறுகிறது. எனவே வருகிற மெயிலைப் பிடித்து வைக்க மட்டும் இரண்டாவது சேர்வர் எடுப்பது அரைவேலை. எல்லோருடைய பெட்டிகளும் அங்கே இடைவிடாது பிரதியாக வேண்டும். அங்கிருந்து பதில் அனுப்பவும் முடிய வேண்டும். அதற்கு அதன் முகவரியை எஸ்.பி.எஃப். பதிவில் சேர்க்கவேண்டும். இல்லையேல் உங்கள் பதில் வாடிக்கையாளரின் குப்பைப் பெட்டிக்குப் போய்விடும். குப்பை மெயில் அனுப்புவோர் இரண்டாவது சேர்வரையே குறிவைப்பதும் வழக்கம். முதலாவதற்குப் போட்ட வடிகட்டியை இதற்கும் போடுங்கள்.

இடைவிடாத பிரதியில் ஓர் ஆபத்தும் உண்டு. இங்கே அழித்தது அங்கேயும் அழியும், இங்கே வைரஸ் பூட்டியது அங்கேயும் பூட்டியபடியே போய்ச் சேரும். ஆகவே இரண்டாவது சேர்வர் இருந்தாலும், கிழமைக்கு ஒரு தடவையாவது தனி டிஸ்க்கில் பிரதி எடுத்து, வயரைக் கழற்றி வீட்டில் வையுங்கள்.

மூன்று நான்கு பேர் மாத்திரம் மெயில் பார்க்கும் கடைக்குச் சொந்த சேர்வரே எதற்கு என்பது என் அபிப்பிராயம். கூகுள், மைக்ரோசொப்ட் போன்றவற்றில் மாத வாடகைக்கு எடுத்தால் இந்த வேலைகளிற் பாதி அவர்களுடையது. தனி டிஸ்க் பிரதி மட்டும் அப்போதும் உங்கள் பொறுப்பே.

டொமைன் கணக்கின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பதையும் இன்றே பாருங்கள். பல இடங்களில் அது கட்டார் போய்விட்ட கம்பியூட்டர் பையனிடம் இருக்கிறது. அது இல்லாமல் எம்.எக்ஸ். பதிவில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

எல்லாம் முடிந்ததும், கடை பூட்டிய ஒரு போயா தினத்தில் முதல் சேர்வரை நிறுத்திவிட்டு வெளியிலிருந்து ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். பதிலும் போடுங்கள். பின்னர் முதல் சேர்வரை இயக்கி, இடையில் வந்தவை அனைத்தும் அதற்கு வந்து சேர்ந்தனவா என்று எண்ணிப் பாருங்கள். தவறுகள் பெரும்பாலும் இந்தத் திரும்பும் வழியில்தான் வெளிவரும்.