குடவோலையும் விடைப்பெட்டியும்

உத்திரமேரூர் வட்டாரத்திலுள்ள காவாந்தண்டலத்தில் பணி ஓய்வுக்குப் பின் வசித்து வருகிறேன். அண்மையில் பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி, பள்ளிக் கட்டுரை ஒன்றுக்காகக் கைப்பேசியில் 'குடவோலை முறை என்றால் என்ன?' என்று தேடினாள். திரையின் உச்சியில் கட்டம் கட்டி, இரண்டு வரியில் விடை வந்தது: ஊர் மக்கள் அனைவரும் வாக்களித்துத் தலைவர்களைத் தேர்ந்தெடுத்த முறையாம். அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். கீழே வரிசையாக இருந்த பக்கங்களில் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

பேருந்து ஏறினால் சென்றுவிடக்கூடிய தொலைவில்தான் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் அங்கே பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் வேறொரு செய்தியைச் சொல்கின்றன. 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்ட ஊரில், தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். விவரம் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்தனர். அது குலுக்கல், வாக்கெடுப்பு அன்று. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, 35 முதல் 70 வரையிலான வயது ஆகியவை இருந்தவர்களுக்கே அதில் இடம் கிடைத்தது.

அந்த மாணவி கண்ட கட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'ஃபீச்சர்டு ஸ்னிப்பெட்' என்று பெயர். தமிழில் விடைப்பெட்டி எனலாம். கேட்ட கேள்விக்கு நேரடி விடை போலத் தோன்றும் ஒரு பத்தியை, ஏதோ ஓர் இணையப் பக்கத்திலிருந்து தேடுபொறியின் நிரல் தானாகவே எடுத்து, மற்ற முடிவுகளுக்கு மேலே வைக்கிறது. இந்த இடத்தைப் பணம் கொடுத்து வாங்க இயலாது. 'என் பக்கத்தை எடுத்துக்கொள்' என்று விண்ணப்பிக்கவும் வழியில்லை. ஆனால், நிரலுக்கு உகந்தவாறு பக்கத்தை வடிவமைக்கலாம். இன்று ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்ட 'தேடுபொறி உகப்பாக்க'த்தின் ஒரு கிளை இது.

இதன் உத்திகள் எளியவை. மக்கள் எந்தச் சொற்களில் கேட்கிறார்களோ, அதே சொற்களில் கேள்வியைத் துணைத்தலைப்பாக வைக்க வேண்டும். அதன் கீழேயே நாற்பது, ஐம்பது சொற்களுக்குள் விடையைச் சொல்லிவிட வேண்டும். விளக்கமும் விதிவிலக்கும் பின்னர் வரலாம். செய்முறை என்றால் எண்ணிட்ட படிகள். ஒப்பீடு என்றால் அட்டவணை. ஒரு நல்ல ஆசிரியர் கரும்பலகையில் செய்வதும் ஏறக்குறைய இதுவே. எனவே, இக்கலையைக் குறுக்குவழி என்று ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. விடையின் வடிவத்தை எடைபோடுவதில் நிரல் தேர்ந்தது; உண்மையை எடைபோடுவதில் அந்த அளவுக்குத் தேர்ச்சி பெறவில்லை. 2021 ஜூன் மாதத் தொடக்கத்தில் நடந்ததை வாசகர்கள் நினைவுகூரலாம். இந்தியாவின் அழகற்ற மொழி எது என்று ஆங்கிலத்தில் தேடியவர்களுக்கு, கூகுளின் விடைப்பெட்டி கன்னடத்தைக் காட்டியது. கர்நாடகம் கொந்தளித்தது. மாநில அரசு சட்ட நடவடிக்கை எடுக்கப்போவதாக அறிவித்தது. கூகுள் அந்த விடையை நீக்கி மன்னிப்புக் கோரியது; அது தனது கருத்தன்று என்றும் விளக்கியது.

அந்த விடை எங்கிருந்து வந்தது? கடன் தொடர்பான, யாரும் அறிந்திராத ஓர் இணையதளத்திலிருந்து. மொழியியல் அறிந்த எவரும் அப்படியொரு கேள்வியை எழுப்ப மாட்டார். ஆகவே அதற்கு விடையும் எழுதியிருக்க மாட்டார். அறிந்தோர் விட்டுவைத்த வெற்றிடத்தை அறியாதவர் நிரப்பினார். நிரலோ, இருந்த ஒன்றை எடுத்து உச்சியில் அமர்த்தியது.

பொருளியல் மாணவர்களுக்கு இது புதிதன்று. வாங்குபவரால் தரத்தைப் பிரித்தறிய முடியாத சந்தையில், மட்டமான சரக்கு நல்ல சரக்கை வெளியேற்றிவிடும் என்று பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டி 1970-இல் விளக்கினார் ஜார்ஜ் அகெர்லாஃப். 2001-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். விடைப்பெட்டியிலும் இதே ஆபத்து உண்டு. ஆராய்ந்து எழுதப்பட்ட விடைக்கும், அரைகுறை விடைக்கும் ஒரே கட்டம், ஒரே எழுத்துரு. ஆராய்ச்சிக்குச் செலவு அதிகம். நகலுக்குச் செலவே இல்லை. மேலும், விடை உச்சியிலேயே கிடைத்துவிட்டால் வாசகர் மூலப் பக்கத்துக்குள் நுழைவதில்லை. உழைத்து எழுதியவருக்கு வாசகரும் இல்லை. விளம்பர வருவாயும் இல்லை. 2024 ஆகஸ்ட் முதல் இந்தியாவிலும் கூகுள் வழங்கும் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கங்கள் பல பக்கங்களைக் கலந்து விடையளிப்பதால், இச்சிக்கல் இன்னும் ஆழமாகியுள்ளது.

தேடல் பக்கத்தில் எது எங்கே நிற்கிறது என்பது வெறும் தொழில்நுட்பச் செய்தி அன்று என்பதை இந்தியா முன்பே உணர்ந்திருக்கிறது. சென்னையைச் சேர்ந்த மேட்ரிமோனி.காம் நிறுவனமும், 'கட்ஸ்' என்ற நுகர்வோர் அமைப்பும் அளித்த புகார்களை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தனது விமானப் பயணத் தேடல் சேவைக்குப் பக்கத்தில் தகாத முதன்மை அளித்ததும் அந்த ஆணையில் சுட்டிக்காட்டப்பட்டது. கூகுள் மேல்முறையீடு செய்தது. வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். இடத்தை ஒதுக்கும் அதிகாரம் கேள்விக்கு உட்பட்டது என்ற கோட்பாடு முக்கியமானது.

இங்கேதான் எங்கள் ஊர்க் கல்வெட்டு எனக்கு வழிகாட்டுகிறது. அந்த ஊர்ச்சபை எல்லோருக்குமானதாக இருக்கவில்லை; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், தெரிவு செய்யும் விதிகளை அது கல்லில் பொறித்து ஊரறிய வைத்தது. ஓலையைப் பெறுபவர் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். பிறகு அங்கிருப்போர் அனைவரும் அதைப் படிக்க வேண்டும். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் மறுபடி இடமில்லை. இன்றைய விடைப்பெட்டியோ பல்லாயிரம் ஓலைகளிலிருந்து ஒன்றை மூடிய கைக்குள் எடுக்கிறது.

விதிகளை வெளிப்படுத்தச் சொல்வது அரசின் கடமை. நமக்கும் கடமை உண்டு. குடத்தில் நல்ல ஓலைகள் இருந்தால்தானே நல்ல ஓலை கைக்கு வரும்? ஒருங்குறியைத் தமிழக அரசு 2010-இலேயே ஏற்றுக்கொண்டது. ஆயினும், பழைய எழுத்துருக்களிலும், வருடி எடுத்த படக்கோப்புகளிலும் முடங்கிக் கிடக்கும் தமிழ் ஆவணங்கள் ஏராளம். அவற்றைத் தேடுபொறியால் எளிதில் படிக்க முடியாது. நம் பேராசிரியர்கள் பலரின் கட்டுரைகளும் பத்துப் பக்கம் சென்ற பிறகே விடையைத் தொடுகின்றன. என் கட்டுரைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

அந்த மாணவியுடன் அமர்ந்து விடையைத் திருத்தி எழுதினோம். 'குடவோலை என்பது, சோழர் காலப் பிராமணர் ஊர்ச்சபையில், நிலமும் கல்வியும் உரிய வயதும் உடையவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, குலுக்கல் மூலம் வாரிய உறுப்பினர்களைத் தெரிவு செய்த முறை. இது பொது வாக்கெடுப்பு அன்று.' முப்பது சொற்களைத் தாண்டவில்லை, பொய்யும் இல்லை. சுருக்கமும் உண்மையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அன்று நானும் கற்றுக்கொண்டேன்.

வரலாறு, வேளாண்மை, மருத்துவம், சட்டம் என ஒவ்வொரு துறையிலும் மக்கள் கேட்கும் எளிய கேள்விகளுக்குத் தமிழில் இப்படி எழுதிவைக்க, கற்றறிந்தோரும் பல்கலைக்கழகங்களும் முன்வர வேண்டும். வாசகரும் கட்டத்தில் உள்ளதைப் படித்தவுடன் நின்றுவிடாமல், அதன் கீழே உள்ள இணைப்பைத் திறந்து, எழுதியவர் யார், சான்று எது என்று பார்க்க வேண்டும். ஓலையை எல்லோரும் வாங்கிப் படித்த ஊர் இது. அந்தப் பழக்கத்தைக் கைவிடலாகாது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).